முற்றத்தைக் கடக்கும் முறை

பள்ளத்தூர் ஏழுபுள்ளி மசாலா நிறுவனத்தில் சரக்கறைக்கும் பொட்டலம் கட்டும் கூடத்துக்கும் நடுவே ஒரு முற்றம் இருக்கிறது. குறுக்கே நடந்தால் நாற்பத்தோரு தப்படி. நிறுவனம் ஆரம்பித்த இந்த ஒன்பது வருஷத்தில் அந்த நாற்பத்தோரு தப்படியையும் சரக்கோடு நடந்து கடந்தவன் ஒரே ஒருவன்தான். அவனுக்குப் பிறகு யாரும் அப்படிக் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்து, பதினொரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உள்வழிப் பிரிவு என்று பெயர்.

சும்மா சொல்லக் கூடாது, காரணம் இல்லாமல் இல்லை. நிறுவனம் நடப்பது ஒரு பழைய பெரிய வீட்டில். பங்காளிகள் ஏழு பேர், வீட்டில் ஆளுக்கு ஒரு பங்கு. இந்தப் பக்கத்தில் அவர்கள் கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி என்று எண்ணுவார்கள். கோயில் காரியமோ கல்யாணமோ, ஒரு புள்ளியை விட்டுவிட்டால் போச்சு, பேச்சுவார்த்தையே நின்றுபோகும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அது நியாயம்தான். ஏழு பேரும் கூடி மசாலா அரைக்க ஆரம்பித்தபோது, அதே மரியாதையை மிளகாய்த் தூளுக்கும் செய்துவிட்டார்கள். எந்தச் சரக்கும் மூத்த புள்ளியின் பங்கில் நுழைந்து, வரிசை தப்பாமல் ஏழு பங்கையும் சுற்றி, இளைய புள்ளியின் பங்கு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஒவ்வொரு நிலைவாசலிலும் வழிச்சீட்டில் ஒரு கையெழுத்து. மொத்தம் தொள்ளாயிரத்து இருபது தப்படி. முற்றம் ஏழு பேருக்கும் பொது. பொது என்பதால் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது.

முதல் வருஷம் ஒரு புண்ணியவான் கொத்தமல்லி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே நடந்துவிட்டான். மேலே சொன்ன அந்த ஒருவன் அவன்தான். ஐந்தாம் புள்ளிக்காரர் தன் பங்கைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மலேசியாவுக்குப் போய்விட்டார். பதினொரு நாள் ஆலை ஓடவில்லை. திரும்பி வந்தவர், அதே மூட்டையை மறுபடி கொண்டுவந்து தன் பங்கு வழியாக உருட்டிக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அதற்குள் மூட்டையில் வண்டு விழுந்திருந்தது. வண்டுகளும் முறைப்படி உருண்டு போயின.

அதன் பிறகு வந்ததுதான் உள்வழிப் பிரிவு. தலைவர் கார்த்திகேய சிவம். மூத்த புள்ளியும் நிர்வாக இயக்குநருமான வயிரவனுக்குத் தங்கை மகன், வெளிநாட்டில் படித்தவர். வந்த மாதமே தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டார். கணினியில் வரைபடம் ஏற்றினார். 'காலி வண்டி களவுக்குச் சமம்' என்று சுவரில் எழுதிவைத்தார். ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு மூட்டை, ஒன்று குறைந்தாலும் கணினி வழி விடாது. மாமா மனம் குளிரட்டும் என்று சூலத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டார். இன்ன கிழமைக்கு இன்ன திசையில் பயணம் ஆகாது, போயே தீரவேண்டுமென்றால் இன்ன பரிகாரம் என்று தினத்தாள் காலண்டரில் போட்டிருக்குமே, அதுதான். ஊரில் எல்லாரும் சென்னைக்குப் போகும்போது சூலம் பார்ப்பார்கள். கார்த்திகேய சிவம் சரக்கறையிலிருந்து கூடத்துக்குப் போகப் பார்த்தார். மனிதன் முன்னேறுகிறான் என்றால் இதுதான்.

இந்த நிறுவனத்தில் வண்டி தள்ளுகிறவன் வீரபாண்டியன். ஆழ்துளைக் கிணறு வற்றியதும் வயலை விட்டு வந்தவன். அந்த வீட்டு நிலைப்படிகள் முழங்கால் உயரம். ஒவ்வொரு படியிலும் பன்னிரண்டு மூட்டையையும் இறக்கி, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு நடைக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். சேர்ந்த புதிதில் ஒருநாள், குறுக்கே போனால் என்ன என்று கேட்டுவிட்டான். அன்று முழுக்க அவனுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்டதில்லை.

அவன் மனைவி மஹாலட்சுமி கூடத்தில் மிளகாய்த் தூள் பொட்டலம் போடுகிறாள். அவளுக்கு இழுப்பு உண்டு. மூச்சுப் பம்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இழுக்கும்போது தூணுக்குப் பின்னால் போய் இரண்டு தடவை அடித்துக்கொண்டு வந்துவிடுவாள். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுகாதாரத்தை முன்னிட்டு, உடம்பையும் உடுத்திய துணியையும் தவிர எதுவும் கூடத்துக்குள் வரக் கூடாது. பம்பு, வாசல் அறையில் சோற்றுப் பையோடு உட்கார்ந்துவிட்டது.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிஷம். கூடத்து வாசலிலிருந்து ராக்காயி முற்றத்துக்கு இந்தப் பக்கம், சரக்கறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். மஹாலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். "வீரபாண்டி, மகாவுக்கு இழுப்பு வந்திருச்சு. பம்பக் கொண்டாந்துரு, வெரசா."

குரல் மட்டும் முற்றத்தின் குறுக்கே வரலாம். குரலுக்கு இன்னும் சீட்டு வைக்கவில்லை.

வீரபாண்டியன் வாசல் அறைக்கு ஓடினான். காவலர் பூமிநாதன் நல்ல மனிதர். கேட்டவுடனே 108-க்குப் போன் போட்டார். காரைக்குடியிலிருந்து வண்டி வர அரை மணி ஆகும் என்றார்கள். பம்பையும் மாடக்குழியிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் கொடுக்கவில்லை. வாசல் அறையில் இருக்கும் பொருள் உள்ளே போனால் அது சரக்கு, சரக்கென்றால் சீட்டு வேண்டும். போன மாதம் ஒரு குடையைச் சீட்டில்லாமல் உள்ளே விட்டதற்கு அவர் மன்னிப்புக் கடிதம் எழுதியிருந்தார். பம்பைக் கையில் பிடித்தபடியே வீரபாண்டியனோடு உள்வழிப் பிரிவுவரை ஓடி வந்தார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

அவளை இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். வீரபாண்டியனும் கேட்டான். கார்த்திகேய சிவம் பொறுமையாக விளக்கினார். நடந்து வந்தால் ஆள், தூக்கி வந்தால் சரக்கு. கூடத்திலிருந்து வெளியேறும் சரக்கு தரச் சோதனை முடிந்து, எடை போட்டு, முத்திரை வாங்கித்தான் வரமுடியும். அதற்கு மத்தியானம் ஆகிவிடும். அதைவிடப் பம்பை உள்ளே அனுப்புவது வேகமான வழி. சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டு அம்புக்குறியும் வரைந்து காட்டினார்.

"சார், அவசர வழின்னு ஒண்ணு இருக்குன்னீகளே, வகுப்புல."

"கண்டிப்பா இருக்கு, வீரபாண்டியன். ரெண்டு நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். நான் இப்பத் திறந்து விட்டுட்டேன்னு வச்சுக்கங்க, நாளைக்கு எல்லாரும் அவசரம்னு வந்து நிப்பாங்க. அப்பறம் அவசரத்துக்கு என்ன மரியாதை இருக்கு, சொல்லுங்க?"

கணினி பம்பின் வகையைக் கேட்டது. மசாலா, மூலப்பொருள், பொட்டலப் பொருள், உதிரிப் பாகம் என்று நாலு வகைதான் உண்டு. உதிரிப் பாகம் என்று போட்டார். எந்த இயந்திரத்துக்கு என்று கேட்டது. மஹாலட்சுமியின் ஊழியர் எண்ணைப் போட்டார், ஏற்றுக்கொண்டது. எடை குறைவு என்றது. பம்போடு பன்னிரண்டு கொத்தமல்லி மூட்டையும் சேர்த்ததும் அதையும் ஏற்றுக்கொண்டது. வீரபாண்டியன் மூட்டைகளை ஏற்றி, மேலே பம்பை வைத்தான். பத்து மணி இருபது.

அப்போதுதான் திரையில் சூலம் வந்தது. புதன்கிழமை வடக்கே சூலம், கூடம் இருப்பது வடக்கே. பரிகாரம் பால். வண்டி தள்ளுகிறவன் ஒரு மிடறு பால் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். சரக்கறைப் பிளாஸ்கில் இருந்த பாலை அலுவலகத்தில் காப்பி போட்டுக் காலி செய்திருந்தார்கள். பால் இருப்பது உணவகத்தில். உணவகம் கூடத்தை ஒட்டி, வடக்கே. அங்கே போய் எடுத்து வரவேண்டுமென்றால் முதலில் பால் குடிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அந்த அறையில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்கள். பூமிநாதன்தான் தன் டீக் கிளாசை நீட்டி, இதிலும் பால் இருக்கிறதே என்றார். கார்த்திகேய சிவம் தொலைபேசியில் மாமாவைக் கேட்டார். மாமா ஜோசியரைக் கேட்டார். பால், கலப்பு என்று பதிவாகி, வீரபாண்டியன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தபோது பத்து மணி இருபத்தேழு. அதற்குள் ராக்காயி மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

மூத்த புள்ளியின் நிலைவாசலில் வயிரவனே நின்றிருந்தார். வீரபாண்டியன் மூட்டைகளை இறக்கி ஏற்றுவதை அவர் மகிழ்ச்சியோடு பார்த்தார். அவசரத்திலும் முறை தவறாத ஆளை இந்தக் காலத்தில் பார்க்க முடிகிறதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார்.

"கவலப்படாத வீரபாண்டி. என் புள்ளி வழியா மொதல்ல வந்துட்டேல்ல, எல்லாம் நல்லபடியா நடக்கும். இந்த வீட்டுல எங்க அய்யா செத்துக்கெடந்தப்பகூட, ஏழு பங்காளியும் வந்து பாத்தப்பறந்தான் தூக்குனோம். மொதப் பாக்க வேண்டிய ஆளே ரங்கூன்ல இருந்துதான் வந்தாக."

இரண்டாம் புள்ளி குமரப்பன். அவர் பங்கில் கால் வைத்தவர்கள் சாப்பிடாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. பணியாரம் வெந்துகொண்டிருந்தது. வீரபாண்டியன் கை கூப்பினான், கெஞ்சினான், அழுதேவிட்டான். அழுகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் தன் பங்குக்கு ஆகாது என்று குமரப்பன் சட்டி இறங்கும்வரை கையெழுத்துப் போடவில்லை. அவன் கடைசிப் பணியாரத்தை வாயில் அடக்கிக்கொண்டு வண்டியைப் படி தாண்டித் தூக்கினான். பத்து மணி நாற்பது. 108 இன்னும் வரவில்லை.

மூன்றாம் புள்ளி சௌபர்ணிகா. சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் பங்கின் தூணில் ஒரு திரையை மாட்டியிருந்தார்கள். காத்திருக்கவும் என்று அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வீரபாண்டியன் காத்திருந்தான். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மனிதனுக்கு ஒரு நிமிஷம் எத்தனை தப்படி ஆகும் என்று உள்வழிப் பிரிவு இதுவரை அளந்ததில்லை. அளந்திருந்தால் அதையும் சீட்டில் ஏற்றியிருப்பார்கள். நாலு நிமிஷம் கழித்து முகம் வந்தது. பம்பைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் பட்டுக் காலாவதித் தேதி தெரியவில்லை, மறுபடி பிடிக்கச் சொன்னார். விவரம் கேட்டதும் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

"பெண் தொழிலாளர்களோட ஆரோக்கியம் எனக்கு ரொம்ப முக்கியம், வீரபாண்டியன். மகளிர் தினத்தன்னிக்குக்கூட அதைப் பத்தித்தான் பேசினேன். நீங்க அந்தப் பம்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன். எல்லாருக்கும் ஒரு விழிப்புணர்வா இருக்கும்."

அவன் நின்றான். அவர் படம் எடுத்தார். கண் மூடியிருந்ததாம், இன்னொன்று என்றார்.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து ராக்காயியின் குரல் வந்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. "வீரபாண்டி, உதடு நீலம் பாரிச்சுருச்சுடா" என்று மட்டும் சொன்னாள்.

வீரபாண்டியன் வண்டியைப் பார்த்தான். இன்னும் நாலு புள்ளி, நாலு படி, நாலு கையெழுத்து. அவன் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. பம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்திலிருந்து முற்றத்தில் குதித்தான். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். கருங்கல்லில் வெறுங்கால் அடிக்கும் சத்தம் ஏழு பங்கிலும் கேட்டது. ஏழு பங்கிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து, ஐயோ குறுக்கே போகிறானே என்று பதறினார்கள். மஹாலட்சுமி கூடத்து வாசலில் ராக்காயியின் மடியில் சாய்ந்து கிடந்தாள். கண் மேலே சொருகியிருந்தது. வாயைத் திறந்து வைத்து அவன் பம்பை அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் அவள் நெஞ்சு விம்மி எழுந்தது.

108 வந்தது. வந்தவர்கள் அரசாங்க ஆட்கள், புள்ளிக் கணக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டார்கள். காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். இனிமேல் மிளகாய்த் தூசி இருக்கும் திசையிலேயே போகக் கூடாது என்றும் சொன்னார்.

சனிக்கிழமை நிறுவனத்திலிருந்து வீரபாண்டியனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பங்காளிகள் கூட்டம். முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பம்பு மூன்று புள்ளிகளைத்தான் பார்த்திருக்கிறது, மிச்சம் நாலு புள்ளி விட்டுப்போயிற்று. ஐந்தாம் புள்ளிக்காரர் சாவிக்கொத்தை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆகையால் பம்பைக் கொண்டுவந்து, அதே பன்னிரண்டு மூட்டையோடு, விட்ட இடத்திலிருந்து முறைப்படி முடித்துவைக்க வேண்டும்.

இரண்டாவதாக எழுந்த கார்த்திகேய சிவம் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு மனிதன் ஓடுகிறான். அதை ஏழு தடவை ஓடவிட்டார், புள்ளிக்கு ஒன்று.

"நாற்பத்தோரு தப்படியை இவர் ஒன்பது விநாடியில கடந்திருக்கார். இதே வேகத்துல போனா நம்ம தொள்ளாயிரத்து இருபது தப்படிக்கு மூணு நிமிஷம் இருபத்திரண்டு விநாடிதான் ஆகும். இத்தனை வருஷமா ஒரு மணி பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டிருக்காங்க. வழி நீளம், வழி நீளம்னு சொன்னாங்களே, வழியில எந்தக் குறையும் இல்ல. கால்லதான் குறை. இவ்வளவு திறமையை இவர் நம்மகிட்ட மறைச்சு வச்சிருந்திருக்கார்னு நினைச்சாத்தான் எனக்கு வருத்தமா இருக்கு."

கை தட்டினார்கள். திரையில் சௌபர்ணிகாவும் தட்டினார்.

வீரபாண்டியன் ஆஸ்பத்திரிக்குப் போய், மனைவியின் தலைமாட்டிலிருந்து பம்பை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் முகத்தில் மாஸ்க் இருந்தது, எதற்கு என்று கண்ணால் கேட்டாள். இந்தா வருகிறேன் என்று சொல்லிவிட்டான். பன்னிரண்டு மூட்டை, மேலே பம்பு. கார்த்திகேய சிவம் கையில் ஸ்டாப்வாட்ச். கையெழுத்துகளை முன்னதாகவே போட்டு வைத்துவிட்டார்கள், நேரம் வீணாகக் கூடாதல்லவா. படிக்குப் படி அவன் இறக்கினான், தூக்கினான், ஏற்றினான். இரண்டு இடத்தில் விழுந்தான். முட்டி உடைந்து ரத்தம் வந்தது. நாலு புள்ளிக்கு இருபத்தாறு நிமிஷம்.

கூட்டத்தில் பெரிய ஏமாற்றம். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று வயிரவன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பெற்ற பிள்ளையிடம் கேட்பதுபோல்தான் கேட்டார்.

வீரபாண்டியன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு அவ அங்குட்டு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தாய்யா. இன்னைக்கு அங்குட்டு யாரு இருக்கா?"

ஸ்டாப்வாட்ச் மேசைமேல் இறங்கியது. இவர்களுக்கும் ஒரு நிமிஷம் உறைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நான் ஒரு மடையன். கார்த்திகேய சிவம் மெதுவாகப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். வழியின் முடிவில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் வண்டி தள்ளுகிறவருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். தாளை வயிரவனிடம் நீட்டினார். வயிரவன் படித்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குத்தான் என்ன மூளை என்று சபையைப் பார்த்தார்.

மாலை ஐந்து மணிக்கு வீரபாண்டியன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். மஹாலட்சுமி மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் பம்பைத் தலைமாட்டில் வைத்தான். முட்டியில் என்ன கட்டு என்று கேட்டாள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பேசினான்.

"ஒனக்கு மறுபடியும் வேல தாராகளாம். பொட்டலம்லாம் போட வேணாமாம். கூடத்து வாசல்ல சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம். அதே சம்பளமாம்."

"வாசல்லயும் தூசி வருமேங்க."

"வரணும்ங்கிறாக. தூசி வந்து, நீ இழுத்தாத்தான், நான் வேகமா வருவேனாம்."

பக்கத்துக் கட்டில்காரி மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டாள். அவன் எழுந்து போய் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"மாட்டேன்னு சொன்னா?"

"குறுக்க ஓடுனதுக்கு எனக்குச் சீட்டக் கிழிச்சுருவாக. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஒன்னியக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பார்த்தாள். அவனை, அவன் முட்டிக் கட்டை, கால் விரல்களில் கருங்கல் கிழித்த இடங்களை. அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு எங்கும் வேலை இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். கோபிக்கவில்லை. பம்பை எடுத்து இடுப்பில் செருகப்போனாள், பிறகு அதை அவன் கையிலேயே வைத்தாள்.

"தெனமும் அப்படி ஓடியாந்துருவீகளா?" என்று கேட்டாள்.

வீரபாண்டியன் பம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். குனிந்து, முட்டிக் கட்டை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தான்.